வானத்தைப் பற்றி மாணாக்கர் கேட்பவை

வானத்தைப் பற்றி நமது மாணாக்கர் கேட்கும் கேள்விகளைத் தொகுத்துப் பார்ப்போமாயின், ஊர் எதுவாயினும் வகுப்பு எதுவாயினும், அவை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கக் காண்போம். பூமி உருண்டை என்பது எப்படித் தெரியும்? சந்திரன் ஏன் கீழே விழவில்லை? நட்சத்திரங்கள் எவ்வளவு தூரத்திலுள்ளன, அவை எதனாலானவை? இரவு ஏன் இருட்டாயிருக்கிறது? பிரபஞ்சம் என்று தொடங்கிற்று, அதற்கு முன் என்ன இருந்தது? மனிதன் சந்திரனில் கால்வைத்தது மெய்தானா? இவற்றுள் ஒன்றேனும் அற்பமான கேள்வியன்று. இவற்றுக்கு நாம் கொடுத்துவரும் விடைகளே பெரும்பாலும் அற்பமாயிருக்கின்றன.

ஒரு சிறுவன் சூரியன் எவ்வளவு தூரம் என்று கேட்கிறான். 15 கோடி கிலோமீட்டர் என்கிறோம். அவன் அதை ஏட்டில் குறித்துக்கொள்கிறான், பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்குகிறான், பிறகு மறந்துவிடுகிறான். அதை யார் அளந்தார், எந்தக் கயிற்றைக் கொண்டு அளந்தார் என்று அவன் திருப்பிக் கேட்பானாயின், அதிகப்பிரசங்கி என்று உட்கார வைத்துவிடுகிறோம். இதனால் விளையும் கேட்டை இக்காலத்தில் நாம் கண்ணெதிரே காண்கிறோம். அதே சிறுவன் மாலையில் கைப்பேசியைத் திறக்கிறான்; அதில் ஒருவர் பூமி தட்டையென்று சாதிக்கிறார்; உபாத்தியாயரைவிட உரத்த குரலில், உபாத்தியாயரைவிட நயமாகவும் சாதிக்கிறார். பையன் யாரை நம்புவது? ஒருவர் சொன்னார் என்பதே ஆதாரமாயின், மற்றொருவர் சொன்னார் என்பதும் ஆதாரமே. எண்களை மட்டும் கொடுத்து வழியைக் கொடாத கல்வி, அவனை இவ்விருவருக்கும் நடுவே நிராயுதபாணியாக நிறுத்திவிடுகிறது. ஆகவே, மேற்கண்ட கேள்விகளிற் சிலவற்றுக்கு விடையோடு விடை கண்ட வழியையும் சேர்த்துக் கூறுவது நலமென்று கருதி இதனை எழுதுகிறோம்.

பூமியின் வடிவத்தை எடுத்துக்கொள்வோம். இதனை அறிய ஆகாயக் கப்பல் வேண்டியதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள கழியும், அதை நேராக நிறுத்த ஒரு தூக்குக்குண்டும் போதும். சென்னையில் வருஷத்திற்கு இருமுறை, ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும், நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வருகிறது. அவ்வேளையில் நேராக நிறுத்திய கழிக்கு நிழலே இராது. அன்றைய தினமே கன்னியாகுமரியில் ஒரு மாணாக்கன் அதே நீளமுள்ள கழியை நிறுத்தி, நிழல் மிகக் குறுகும் வேளையில் அளந்தால், தெற்கு நோக்கி ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் நிழல் இருக்கக் காண்பான். கணக்கிட்டால் அது 5 பாகை சாய்வாகும். ஒரு வட்டத்துக்கு 360 பாகை. அதில் 5 பாகை எழுபத்திரண்டில் ஒரு பங்கு. கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் வடக்குத் தெற்காக உள்ள தூரம் சுமார் 555 கிலோமீட்டர். அதனை 72ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் வருகிறது. பூமியின் சுற்றளவு அதுவே! கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்து தேசத்து அலெக்ஸாண்டிரியா நகரில் வாழ்ந்த எரட்டோஸ்தனீஸ் என்னும் அறிஞர், தெற்கேயுள்ள ஸையீன் என்ற ஊரையும் தம் ஊரையும் கொண்டு செய்த கணக்கும் இதுவே.

இங்கே ஒரு புத்திசாலிப் பையன் எழுந்து, “ஐயா, பூமி தட்டையாயிருந்து, சூரியன் மிக அருகில் தொங்கினாலும் இந்த 5 பாகை வருமல்லவா?” என்று கேட்கலாம். கேட்கவேண்டும். அவன் சொல்வது சரியே. இரண்டு கழிகளால் மட்டும் இந்த வழக்குத் தீராது. மூன்றாவது கழி வேண்டும். அதைக் காசுமீரத்தில் ஸ்ரீநகரில் நிறுத்துவோம். பூமி உருண்டையாயின், சென்னையில் நிழலற்ற அந்நாளில் ஸ்ரீநகரத்துக் கழியின் நிழல் 38 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாயிருக்கவேண்டும். தட்டையாயின் 37க்கும் குறைவாயிருக்கவேண்டும். வித்தியாசம் ஒரு விரற்கடையளவே. ஆயினும் கவனமுள்ள பிள்ளைகள் அதை அளந்துவிடலாம். கன்னியாகுமரியிலும் சென்னையிலும் ஸ்ரீநகரிலும் உள்ள மூன்று பள்ளிக்கூடங்கள் ஒருநாள் நண்பகலில் ஒத்துழைத்தால், எந்தப் பிரசங்கியாலும் அப்பிள்ளைகளை அதன்பின் அசைக்கமுடியாது. இதற்கு ஆகும் செலவு மூன்று கழிகள். நமது கல்வி அதிகாரிகளுக்கு இதனை விண்ணப்பமாகவே சமர்ப்பிக்கிறோம்.

சந்திரன் ஏன் விழவில்லை என்ற கேள்விக்குப் பலரும் கூறும் விடை, பூமியின் இழுப்பு அங்கே எட்டுவதில்லை என்பதாகும். இது முழுத் தவறு. சந்திரன் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. நம் கையிலிருந்து நழுவிய கல் முதல் விநாடியில் 4,900 மில்லிமீட்டர் விழுகிறது. பூமியின் நடுவிலிருந்து நாம் இருக்கும் தூரத்தைப்போல் சந்திரன் 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது. தூரத்தின் வர்க்கத்துக்கேற்ப இழுப்புக் குறையும் என்ற நியூட்டனுடைய விதியின்படி, அங்கே விழும் அளவு 3,600இல் ஒரு பங்காகவேண்டும். அதாவது, விநாடிக்கு 1.4 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. அந்த ஒரு விநாடியில் சந்திரன் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. ஒரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைந்த சரிவு. அந்தச் சரிவுதான் அதன் பாதையை வட்டமாக வளைக்கிறது. அது எக்காலமும் விழுகிறது, எக்காலமும் பூமியைத் தவறவிடுகிறது. மரத்திலிருந்து விழும் மாங்காய்க்கும் மதிக்கும் ஒரே சட்டம் என்பதைப் பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒரு துண்டுக் காகிதத்தில் நிரூபித்துவிடலாம். 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் மனிதர் மிதப்பதும் இதனாலேயே; பூமியின் இழுப்பு அங்கே நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இருக்கத்தான் இருக்கிறது.

இனி நட்சத்திரங்களின் தூரம். கையை நீட்டி ஒரு விரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். பின்னாலுள்ள சுவரின்மேல் விரல் இடம் பெயர்வதாகத் தோன்றும். இரு கண்களுக்கும் உள்ள இடைவெளியையும் விரல் பெயர்ந்த கோணத்தையும் கொண்டு விரலின் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். நட்சத்திரத்துக்கு இரு கண்களின் இடைவெளி போதாது. ஆனால் பூமி சூரியனைச் சுற்றுகிறதல்லவா? ஜனவரியில் நாம் இருக்கும் இடத்துக்கும் ஜூலையில் இருக்கும் இடத்துக்கும் 30 கோடி கிலோமீட்டர் இடைவெளி. இந்த இரு ‘கண்களால்’ பார்க்கும்போது அருகிலுள்ள நட்சத்திரம் தொலைவிலுள்ளவற்றினிடையே சிறிது பெயர்ந்து தோன்றவேண்டும். அப்பெயர்ச்சியை ஜெர்மானியரான பெஸ்ஸல் 1838-ம் வருஷத்தில் முதன்முதல் நம்பத்தகுந்தவாறு அளந்து வெளியிட்டார். ஓர் அங்குல அகலமுள்ள காசை எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்த்தால் எவ்வளவு தோன்றுமோ அவ்வளவே அப்பெயர்ச்சி. அதிலிருந்து அந்நட்சத்திரம் 11 ஒளியாண்டுத் தூரத்திலுள்ளதென்று இன்று அறிகிறோம். 2013-ம் வருஷத்தில் ஐரோப்பியர் ஏவிய கையா என்னும் விண்கலம், 2025 வரை உழைத்து, இதே முறையை விரிவாகக் கையாண்டு, 200 கோடிக்குச் சற்றுக் குறைந்த நட்சத்திரங்களைக் கணக்கெடுத்தது. கருவி மாறிற்று, விரலும் இரு கண்களும் மாறவில்லை.

ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் செல்லும் தூரம். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அப்படி ஓடியும் சூரியனிலிருந்து வர எட்டு நிமிஷத்துக்கு மேலாகிறது. நம் பஞ்சாங்கத்து நட்சத்திரங்களிற் சிலவற்றைக் கொண்டே இதனை விளக்கலாம். பலன் பார்ப்பதற்காக அன்று. திருவோணம் 17 ஒளியாண்டுத் தூரம். பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளை இன்றிரவு காணும் திருவோணத்தின் ஒளி, அவன் பிறந்த வருஷத்தில் அங்கிருந்து புறப்பட்டது. ரோகிணி சுமார் 65 ஒளியாண்டு. அதன் ஒளி அவனுடைய பாட்டனாரோடு ஒத்த வயதுடையது. அப்படியானால் நாம் காணும் நட்சத்திரங்கள் இப்போது இருக்கின்றனவா, அழிந்துவிட்டனவா என்று பிள்ளைகள் கேட்பது இயல்பே. வெறுங்கண்ணுக்குத் தெரிபவை பெரும்பாலும் சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள் அடங்குவன. நட்சத்திரங்களின் ஆயுளோ கோடிக்கணக்கான வருஷங்கள். ஆதலால் அவை ஏறக்குறைய யாவும் இப்போதும் இருக்கின்றன என்றே கொள்ளலாம். திருவாதிரை மாத்திரம் முதுமையடைந்த நட்சத்திரம். 2019 இறுதியிலிருந்து 2020 தொடக்கம் வரை அது மங்கியபோது வெடிக்கப்போகிறதோ என்று உலகமெங்கும் பேச்செழுந்தது. பிறகு, அது தானே வெளிவிட்ட தூசுப் படலத்தின் மறைப்பு அதற்கு முக்கிய காரணமென ஆராய்ச்சியாளர் கண்டனர்.

நட்சத்திரங்கள் எதனாலானவை என்ற கேள்வியின் சரித்திரம் மிகச் சுவையானது. பிரான்சு தேசத்துத் தத்துவ அறிஞர் ஒகுஸ்த் கோந்த், 1835-ம் வருஷத்தில், வானத்துப் பொருள்களின் ரசாயன இயல்பை மனிதர் என்றைக்கும் அறியமுடியாது என்று எழுதினார். கால் நூற்றாண்டு கழியுமுன்பே, 1859இல், கிர்க்காஃப், புன்ஸன் என்னும் இருவர் அவ்வாக்கைப் பொய்ப்படுத்திவிட்டனர். ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் ஏழு நிறமாகப் பிரித்து நுட்பமாக நோக்கினால், அதன் குறுக்கே கோடுகள் தெரிகின்றன. ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு; கைரேகை போல் ஒன்றுக்கொன்று மாறுவதில்லை. அக்கோடுகளை வாசிக்கத் தெரிந்தவன் நட்சத்திரத்தைத் தொடாமலே அதன் உடற்கூற்றைக் கூறலாம். 1868 ஆகஸ்டு 18-ந் தேதி பூரண சூரிய கிரகணத்தின்போது, அக்காலத்தில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த குண்டூரில் பிரெஞ்சுக்காரரான ஜான்ஸென் முகாமிட்டு இம்முறையில் சூரியனை ஆராய்ந்தார். அவ்வருஷத்து ஆராய்ச்சிகளில் கண்ட ஒரு மஞ்சட்கோடு பூமியில் தெரிந்த எந்தப் பொருளுக்கும் பொருந்தவில்லை. ஆங்கிலேயரான லாக்கியர் அது புதியதொரு மூலப்பொருளென்று கொண்டார். அதற்குச் சூரியன் பெயராலேயே ஹீலியம் என்று பெயராயிற்று. அது பூமியிற் கிடைத்தது 1895இல்தான்.

கோடு தெரிந்துவிட்டால் அளவும் தெரிந்துவிடுமா? தெரியாது; அங்கேதான் நம் நாட்டவர் ஒருவர் வருகிறார். டாக்கா அருகே ஒரு கிராமத்தில் சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்த மேகநாத் ஸாஹா, 1920-ம் வருஷத்தில், கோட்டின் அழுத்தம் பொருளின் அளவை மட்டுமன்றி அங்குள்ள வெப்பத்தையும் பொறுத்ததென்று காட்டி, அதற்குரிய சமன்பாட்டையும் வகுத்தளித்தார். அந்தத் திறவுகோலைக் கொண்டு 1925இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஸிஸீலியா பேய்ன் என்னும் இளம் பெண்மணி நட்சத்திரங்களைக் கணக்கிட்டார். அவை பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமுமே என்று விடை வந்தது. சூரியனும் பூமியைப் போன்ற பொருள்களாலானதே என்று அறிஞர் நம்பியிருந்த காலம் அது. அத்துறையில் பெரும் புகழ்பெற்ற ரஸ்ஸல் இம்முடிவு பொருந்தாதென்றார். அப்பெண்மணியும் தம் முடிவு மெய்யாயிருக்க முடியாதென்று தம் நூலிலேயே எழுத நேர்ந்தது. நான்கு வருஷம் சென்றபின் ரஸ்ஸலே வேறு வழியால் அதே முடிவை அடைந்து, அப்பெண்மணி சொன்னது சரியென்று வெளியிட்டார்.

சென்னை ராஜதானிக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகரின் கதையும் இத்தகையதே. 1930இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும்போது அவர் ஒரு கணக்குப் போட்டார். எரிந்து அடங்கிய நட்சத்திரத்தின் எடை ஒரு வரம்பை மீறினால் அது நிலைகொள்ளாது மேலும் சுருங்கும் என்பது அதன் முடிவு; அவ்வரம்பு சூரியனைப்போல் 1.4 மடங்கு என்று இன்று கொள்ளப்படுகிறது. 1935 ஜனவரியில் லண்டன் சபையில் எடிங்டன் அதனைப் பரிகசித்தார். எடிங்டனோ அக்காலத்து வானநூலாரில் முதல்வர். எனினும் கணக்கே வென்றது; 1983இல் நோபெல் பரிசும் வந்தது. உபாத்தியாயர் சொன்னார், புத்தகத்தில் இருக்கிறது என்பவற்றை முடிந்த ஆதாரமாகக் கொள்ளும் பிள்ளைகளுக்கு இவ்விரு வரலாறுகளையும் கட்டாயம் சொல்லவேண்டும் என்பது நம் கருத்து.

நிற்க. அந்தக் கோடுகள் பொருளை மட்டுமன்றி ஓட்டத்தையும் காட்டும். ஒளிரும் பொருள் நம்மை விட்டு விலகினால் அவை சிவப்புப் பக்கமும், நெருங்கினால் நீலப் பக்கமும் சிறிது நகர்கின்றன. கோடைக்கானல் வானாய்வுக் கூடத்தில் எவர்ஷெட் 1909இல் சூரியனுடைய கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டதும் இந்த நகர்ச்சியைக் கொண்டே. தொலைவிலுள்ள நட்சத்திரத் திரள்களின் ஒளியிலோ கோடுகள் ஏறக்குறைய எங்கும் சிவப்புப் பக்கமே நகர்ந்திருக்கின்றன. தூரம் கூடக் கூட நகர்ச்சியும் கூடுகிறதென்று 1929இல் ஹப்பிள் வெளியிட்டார். பிரபஞ்சம் விரிகிறது என்பதற்கு இதுவே முதல் சாட்சி. விரிந்துகொண்டிருப்பது முன்னொரு காலத்தில் நெருங்கியிருந்திருக்கவேண்டும்; பின்னோக்கிக் கணக்கிட்டால் சுமார் 1,380 கோடி வருஷம் வருகிறது.

இரவு ஏன் இருட்டாயிருக்கிறது என்ற கேள்வி இங்கே வந்து சேர்கிறது. சூரியன் மறைந்துவிட்டதால் என்பது போதிய விடையன்று. முடிவில்லாத அடர்ந்த காட்டில் எப்பக்கம் திரும்பினாலும் நம் பார்வை ஒரு மரத்தில்தானே முட்டும்? அதுபோல் நட்சத்திரங்கள் எல்லையின்றிப் பரந்து, என்றென்றும் ஒளிர்ந்து வந்திருக்குமாயின், வானத்தில் எப்பக்கம் நோக்கினாலும் ஒரு நட்சத்திரம் இருந்தேயாகவேண்டும். இரவு முழுவதும் வானம் சூரியனைப்போல் எரியவேண்டும். ஜெர்மானிய வைத்தியரும் வானநூலாருமான ஓல்பர்ஸ் 1823இல் எழுப்பிய புதிர் இது. எரியவில்லை, ஆகவே நட்சத்திரங்கள் என்றென்றும் ஒளிர்ந்து வந்தவையல்ல. ஒரு காலத்தில் தொடங்கியவை. மிகத் தொலைவின் ஒளி இன்னும் நம்மை வந்தடையவில்லை. வந்ததிலும் ஆதிகால ஒளி, பிரபஞ்சம் விரிந்ததால் நீண்டு, கண்ணுக்குப் புலனாகாத ரேடியோ அலையாய்விட்டது. அதைத்தான் 1965இல் பென்ஸியாஸ், வில்ஸன் இருவரும் தங்கள் கருவியில் ஓயாத இரைச்சலாகக் கேட்டதாக அறிவித்தனர். மொட்டை மாடியில் படுத்திருக்கும் குழந்தை இருட்டைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்குள் பிரபஞ்சத்தின் பிறப்பே அடங்கியிருக்கிறது.

அதற்கு முன் என்ன இருந்தது? இதற்கு விஞ்ஞானத்தில் இன்று விடையில்லை. ஊகங்கள் பல உண்டு. அளந்து தீர்க்கும் வழி அகப்படவில்லை. ‘முன்’ என்ற சொல்லுக்கே அங்கே பொருளுண்டா என்பதும் தீரவில்லை. பிரபஞ்சத்தில் நாம் அறிந்த சாதாரணப் பொருள் நூற்றுக்கு ஐந்து பங்கே. மற்றது இன்னதென்று துணியப்படவில்லை. இதனை மாணாக்கரிடம் ஒளிக்காமற் சொல்லிவிடுவதில் உபாத்தியாயருக்கு யாதொரு குறைவும் இல்லை.

மனிதன் சந்திரனில் இறங்கியதைப் பற்றிய சந்தேகத்துக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. 1969இல் அங்கே வைத்துவந்த பிரதிபலிப்புக் கண்ணாடிகளின்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பிவரும் நேரத்தை அளந்தே சந்திரன் வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகுவதை அறிகிறோம். இறங்கிய இடத்தில் விட்டுவந்த கலத்தின் அடிப்பாகத்தை நமது சந்திரயான்–2 படம் பிடித்திருக்கிறது.

2019 டிசம்பர் 26-ந் தேதி கோயம்புத்தூர், திண்டுக்கல் முதலிய ஊர்களில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது, கதவை அடைத்துக்கொண்டு உள்ளிருந்த வீடுகள் நம் நாட்டில் அநேகம். 2031 மே 21-ந் தேதி மறுபடியும் கங்கண கிரகணம் ஒன்று மதுரை வழியாகச் செல்லவிருக்கிறது. இன்று தொடக்க வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் அதற்குள் கணக்கும் பௌதிகமும் ஓரளவு கற்றிருப்பார்கள். சூரியனை வெறுங்கண்ணால் நோக்கலாகாது. புகைபிடித்த கண்ணாடியும் உதவாது. ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு, அதன் வழியே விழும் ஒளியை வெள்ளைக் காகிதத்தில் ஏந்தினால், கங்கணம் அதில் வந்து நிற்கும். வேப்பமரத்தடியில் இலைகளின் இடைவெளி வழியே விழும் ஒளிப்பொட்டுகள் யாவும் அவ்வேளையில் வளையங்களாயிருக்கும். அட்டையும் ஊசியும் இல்லாதவர் அங்கே போய் நிற்கலாம்.